ஆளுக்கு ஆள்

வாடிப்பட்டி
22 நவம்பர் 1942

சேசு மரி சூசை துணை

அன்புள்ள லாசர் அண்ணனுக்கு, தங்கை பிலோமினாள் எழுதிக்கொண்டது. நான் நல்ல சுகம். ஆனிமேரி மதினிக்கு முழங்கால் வலி தேவலையா? ஆரப்பாளையத்தில் உங்கள் தெரு வரைக்கும் வைகைத் தண்ணீர் ஏறியதாக பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டுக்குள் வரவில்லையே?

அண்ணே, அவர் உயிரோடு இருக்கிறார்.

இதை முதல் வரியிலேயே எழுத நினைத்தேன். மரியாதையாக இருக்காதே என்று சுக விசாரணையை முடித்துவிட்டு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நான்காம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஒரு அட்டையை நீட்டினார். இங்கிலீஷில் ஐந்தே வரி. உங்கள் மாப்பிள்ளையின் கையெழுத்துதான். ஜூன் மாதம் ஆப்பிரிக்காவில் அவர் கம்பவுண்டராக இருந்த ராணுவ ஆஸ்பத்திரி முழுவதும் பிடிபட்டதாம். இப்போது இத்தாலி தேசத்தில் ஒரு முகாமில் இருக்கிறார். சுகம். பக்கத்து ஊர் கச்சைகட்டியிலிருந்து பட்டாளத்துக்குப் போன காளையும் அதே முகாமில் இருக்கிறான். கவலைப்பட வேண்டாம். இவ்வளவுதான். ஐந்து மாதமாக ‘காணவில்லை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருந்தவளுக்கு இது கல்யாண விருந்து. பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன். கணக்கு தப்பாகப் போட்டதால் டீச்சர் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி உங்களோடு சண்டை. வியாழக்கிழமை உங்கள் பத்திரிகையில் ‘இத்தாலியில் இந்தியக் கைதிகள்’ என்று தலைப்புப் போட்டது நீங்கள்தானே? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, “டீச்சர், சார் என்னத்தத் திருடுனாரு?” என்று கேட்கிறாள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி ராமக்காள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் புருஷன் ஆகஸ்டு கலகத்தில் தந்திக் கம்பியை அறுத்துவிட்டு அலிப்புரம் ஜெயிலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். “இதுல வெக்கப்பட என்ன இருக்கு? என் ஆள வெள்ளைக்காரன் பிடிச்சான், ஒன் ஆள வெள்ளைக்காரனோட எதிரி பிடிச்சான். ரெண்டு பேருக்கும் வீட்டுச் சோறு இல்ல, அம்புட்டுத்தான்” என்று சொன்னாள். அவளுக்குக் கைதி என்பது பட்டம். எனக்கு அப்படி இல்லை. வேறு நல்ல சொல் ஒன்று பார்த்து வைக்கவும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
பிலோமினாள்


ஆரப்பாளையம், மதுரை
29 நவம்பர் 1942

அன்புத் தங்கை பிலோமிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். தண்ணீர் எதிர்வீட்டுப் படியோடு நின்றுவிட்டது. உன் மதினி முழங்காலை மறந்துவிட்டு, உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து காட்டிவிட்டு வந்தாள்.

நான் அதை ஆபீசில் நின்றபடியே படித்தேன். எங்கள் எடிட்டர் கல்யாணராமன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். கம்பாசிட்டர்கள் உட்பட எல்லோருக்கும் காபி வரவழைத்தார். பத்திரிகையை நான்கு பக்கமாகக் குறைத்த பிறகு அவர் செய்த முதல் தாராளம் இது.

கைதி விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். ஒரு சொல் சரியாக அமையாவிட்டால் பத்திரிகைக் கட்டு ரயிலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்பவர் அவர். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் நடந்தது. ‘சிறைப்பட்டோர்’ என்றால் ஜெயில் ஞாபகம் வருகிறது. ‘பிடிபட்டவர்’ என்றால் திருடன் ஞாபகம் வருகிறது. ‘பிணையாள்’ என்று முன்பு ஒரு தரம் போட்டோம். அன்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஆபீசுக்கு வந்து, யார் ஜாமீன் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலும் யுத்தம் நடக்கும் இடத்தில் ஒரே ஊர் ஜனங்களை அடைத்து வைத்ததைப் பற்றி, ஒரு பக்கத்துத் தந்தி பிணையாட்கள் என்கிறது, இன்னொரு பக்கத்து ரேடியோ பாதுகாப்பில் இருப்பவர்கள் என்கிறது. யார் சொன்ன சொல்லைப் போட்டாலும் நாம் அவர் பக்கம் சாய்ந்தது போல ஆகிவிடுகிறது. கடைசியில் ‘தடுத்து வைக்கப்பட்டவர்கள்’ என்று முடிவு செய்தோம். நீளம்தான். ஆனால் எந்தக் குழந்தையும் என்ன திருடினார் என்று கேட்காது.

அப்போது எடிட்டர் சொன்னது இது: “லாசர், படிக்கிறவா ஆத்துல யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் மாட்டிண்டிருப்பா. நாம போடற சொல் அவா தலையிலதான் போய் விழும். நடந்ததை மட்டும் எழுதும். சந்தோஷம், கோபம் எல்லாம் அவாளே பட்டுப்பா.”

இன்னொன்று. சர்வதேச ஒப்பந்தப்படி டாக்டர், கம்பவுண்டர் எல்லாம் யுத்தக் கைதிகளே இல்லையாம். நோயாளிகளைக் கவனிக்கத் தேவையில்லாதபோது திருப்பி அனுப்ப வேண்டியவர்களாம். காகிதத்தில் அப்படி இருக்கிறது. அதற்கு மேல் நினைத்துக்கொள்ளாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
லாசர்


வாடிப்பட்டி
17 ஜனவரி 1943

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். கிறிஸ்துமசுக்கு நீங்களும் மதினியும் வந்து போனது பத்து நாளைக்கு வீட்டில் மணத்தது. மதினி விட்டுப்போன சுருக்குப்பை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

‘தடுத்து வைக்கப்பட்டவர்கள்’ என்று நான்கு தரம் பார்த்துவிட்டேன். ராமக்காளுக்குத்தான் வருத்தம். அவள் புருஷனைப் பற்றிக் கேட்டால் இப்போதும் கைதி என்றுதான் சொல்கிறாள்.

எனக்கு ஒரு புதுச் சிநேகிதி. காளையின் தாய் ஒச்சம்மாள். செவ்வாய்ச் சந்தைக்குக் கச்சைகட்டியிலிருந்து நடந்து வருகிறாள். மகனிடமிருந்து அவளுக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. அவர் அட்டையில் காளை பெயர் இருந்த வரியை ஒவ்வொரு செவ்வாயும் நான் படித்துக் காட்ட வேண்டும். படித்ததும் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு உங்கள் பத்திரிகையை முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லி, வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பாள். அரிசி விலைச் செய்தி வந்தால் மட்டும், அதெல்லாம் தனக்கே தெரியும், மேலே போ என்பாள்.

போன வாரம், இரு தரப்பும் ஆட்களை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசுகிறார்கள் என்று நான்கு வரி வந்திருந்ததே, அதைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“மாத்துறதுன்னா எப்பிடி டீச்சரம்மா? ஆளுக்கு ஆளா, எடைக்கு எடையா?”

எனக்குத் தெரியாது, அண்ணனைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

“கேட்டுச் சொல்லு. எடைன்னா எம் மகனுக்கு ரெண்டு பேரக் கேப்பாக. அம்புட்டு வளத்தி.”

கேட்டு எழுதவும். நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிலோமினாள்


மதுரை
21 பிப்ரவரி 1943

பிலோமிக்கு அண்ணனின் அன்பு. உன் கடிதத்துக்கு ஒரு மாதம் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். உன் மதினிக்குக் காய்ச்சல் வந்து தெளிந்தது. பயப்படும்படி இல்லை.

எடைக்கு எடை கதையைக் கேட்டு எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் வரை சிரித்தார். எடையும் இல்லை, ஆளுக்கு ஆளும் இல்லை. கடும் காயம் பட்டவர்கள், நோயாளிகள், பிறகு வைத்திய வேலை பார்க்கிறவர்கள். இவர்களை மட்டும் இரு தரப்பும் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்று பேச்சு. ஒரு பக்கம் நூறு இருக்கலாம், மறுபக்கம் ஆயிரம் இருக்கலாம்.

இதற்கும் சொல் கிடைக்காமல் திண்டாடுகிறோம். உதவி எடிட்டர் ஒருவர் ‘கைதிகள் கைமாற்று’ என்று போட்டார். கைமாற்றாகக் கொடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டுமே என்று எடிட்டர் அடித்துவிட்டார். ‘பண்டமாற்று’ என்றால் மனிதரைப் புளியும் உப்பும் ஆக்குவதாகும். ‘மீட்பு’ என்றால் கோவிலில் பிரசங்கம் கேட்பது போல இருக்கிறது. அதோடு, ஒரு பக்கம் மீட்டால் மறுபக்கம் என்ன, தொலைத்ததா? ‘இரு தரப்பினரும் திருப்பி அனுப்புதல்’ என்று முடிந்தது. நீ வகுப்பில் சொல்லிக் கொடுப்பது போல, யார், யாரை, எங்கிருந்து, எங்கே. அவ்வளவுதான் எழுதலாம்.

பேச்சுதான் நடக்கிறது. நிச்சயம் ஒன்றுமில்லை. ஒச்சம்மாளிடமும் அப்படியே சொல். முக்கியமாக அவளிடம்.

லாசர்


மதுரை
27 மார்ச் 1943

என் அருமைத் தங்கைக்கு,

சுகம் கேட்க நேரமில்லை, சுகமாகத்தான் இருப்பாய். தந்தி வந்துவிட்டது. துருக்கித் துறைமுகம் ஒன்றில் முதல் தொகுதி இரு பக்கமும் ஒப்படைக்கப்பட்டது. இந்தியர்களும் இருக்கிறார்கள். எடிட்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். இன்று தலைப்பு என் கையில். நாளைக் காலைப் பத்திரிகையை வாங்கிப் பார், முதல் பக்கம், இரண்டு விரல் உயர எழுத்து. நான்கு மாதம் சின்ன எழுத்தில் அடக்கி வைத்ததெல்லாம் போதும்.

உன் அண்ணன்


வாடிப்பட்டி
4 ஏப்ரல் 1943

அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்களும் மதினியும் சுகமென்று நம்புகிறேன்.

‘நம் கைதிகள் விடுதலை!’ பார்த்தேன். ஊரே பார்த்தது. ராமக்காள் எனக்குச் சீனி கொண்டுவந்து கொடுத்தாள், ரேஷன் சீனி. நானும் அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன். அதை மறைக்கவில்லை.

நேற்று ஒச்சம்மாள் வந்தாள். சந்தை நாள் இல்லை. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, அண்ணன் தம்பி, மைத்துனி என்று ஒன்பது பேரோடு வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். தலைப்பை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முதல்நாள் கருப்பு கோவிலில் கிடாய் வெட்டிப் பந்தி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காளைக்கு வேட்டி சட்டை ஒரு மஞ்சள் பையில் இருந்தது. எந்த ரயிலில் வருவான், நம் ஸ்டேஷனில் நிற்குமா, இல்லை சோழவந்தானுக்குப் போக வேண்டுமா என்று கேட்டாள்.

நான் பத்திரிகையை எடுத்து உங்கள் பெரிய எழுத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், கடைசி வரிகளில் இருந்ததைப் படித்தேன். நோயாளிகள், கடும் காயமடைந்தவர்கள், வைத்திய ஊழியர் மட்டும். மற்றவர்கள் முகாம்களிலேயே இருப்பார்கள்.

இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“அப்ப மேல பெருசாப் போட்டுருக்கது பொய்யா?”

பொய் இல்லை, பாதி என்று சொன்னேன்.

“பாதி ஆளு எப்பிடி வருவான்?”

பிறகு அவளே, “ஒன் வீட்டுக்காரரு கம்பவுண்டருதான? அவுக வாராகளா?” என்று கேட்டாள். தெரியவில்லை, வரலாம் என்றேன். “வரட்டும். நல்லா வரட்டும்” என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

உங்கள் சொல் என் தலையில் விழவில்லை அண்ணே. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இம்புட்டு வருத்தம்.

பிலோமினாள்


மதுரை
11 ஏப்ரல் 1943

தங்கை பிலோமிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எடிட்டர் ஊரிலிருந்து வந்துவிட்டார். பத்திரிகையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. உட்கார்ந்து தன் கையால் எட்டு வரி எழுதி, மறுநாள் முதல் பக்கத்தில் அதே இடத்தில் போட்டார். ‘விடுதலை’ என்றது தவறு, ‘நம் கைதிகள்’ என்று எல்லோரையும் குறித்தது தவறு, நடந்தது இது என்று. அந்த இதழ் உன் ஊருக்கு வந்ததோ என்னவோ. திருத்தத்தை யாரும் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவதில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கச்சைகட்டிக்குப் போனேன். வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உன் தெரு வழியாகப் போகத் தைரியமில்லாமல் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அதற்காக நீ கோபித்துக்கொள்ளலாம்.

ஒச்சம்மாள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான்தான் அதை எழுதியவன் என்று சொன்னேன். என்னைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். “வெயில்ல வந்துருக்க. மொதல்ல தின்னு, பெறகு பேசு” என்று தட்டை வைத்துவிட்டாள். கம்பஞ்சோறும் குழம்பும். ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது, அது வெட்டிய கிடாயின் உப்புக்கண்டம். கறி தொடக் கூடாத தபசு காலம், அதிலும் வெள்ளிக்கிழமை. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிலோமி, நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் முழுக் கதையையும் சொன்னேன். ருசியாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். கறிக்கு ஒரு அருள் நிறை மந்திரம், தலைப்புக்கு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை என்று அபராதம் போட்டார்.

ஒச்சம்மாள் கடைசியில் சொன்னது, இனி எது வந்தாலும் வந்தபடி எழுது, பெரிய எழுத்து வேண்டாம், தனக்குத்தான் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டுகிறவர்களாவது திணறாமல் படிக்கட்டும் என்பதுதான்.

பதில் எழுது.
லாசர்


ராணுவ ஆஸ்பத்திரி, எகிப்து
25 ஏப்ரல் 1943, பாஸ்குத் திருநாள்

மரியாதைக்குரிய மச்சானுக்குத் தனிஸ்லாசின் வணக்கங்கள். அக்காவுக்கும் சொல்லவும். பிலோமிக்கு இன்றைக்கே தனியாக எழுதி, வந்து சேர்ந்த செய்தியைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நடந்தது. முகாமில் வைத்தியக்காரர்கள் பெயரை மட்டும் கூப்பிட்டார்கள். காளைதான் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தான். அங்கே காவல்காரன் கையை நீட்டி மறித்தான். நான் அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். அவன் சொன்னதை அவன் அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும், எழுதமாட்டேன்.

துருக்கித் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள். கரையில் ஒரு மேஜை போட்டு, இரு பக்கத்து அதிகாரிகளும் காகிதத்தை வைத்துக்கொண்டு எண்ணினார்கள். நாங்கள் ஒரு வரிசை, இத்தாலிக்காரர்கள் ஒரு வரிசை, எதிரும் புதிருமாக நகர்ந்தோம். காலில்லாதவர்களைத் தூக்கிப் போனார்கள், இரண்டு பக்கமும். நடுவில் வரிசை நின்றது. எனக்கு எதிரே நின்றவனும் என்னைப் போலக் கையில் செஞ்சிலுவைத் துணி கட்டியிருந்தான். என் நிறத்தைப் பார்த்துவிட்டு, “பெங்களூர். சாயா. மழை மழை” என்றான். இரண்டு வருஷம் பெங்களூர் முகாமில் இருந்தவன். சட்டைப் பையிலிருந்து அரைக் கட்டுப் பீடி எடுத்து நீட்டினான். என்னிடம் முகாமில் கொடுத்த காய்ந்த ரொட்டிதான் இருந்தது. அதைக் கொடுத்தேன். அவன் கடிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நானும் பீடியைப் பற்ற வைக்காமல் முகர்ந்துகொண்டுதான் நின்றேன். பிறகு வரிசை நகர்ந்துவிட்டது.

மச்சான், உங்கள் பத்திரிகையில் எங்களைப் பற்றிப் போட்டால் விடுதலை என்று போடாதீர்கள். காளையை வாசலில் விட்டுவிட்டு வந்ததற்கு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, சொல்லாமல் விட்டது. ஜனவரியில் ஒரு நோயாளியின் புண்ணிலிருந்து சீழ் பட்டு என் வலது கை வீங்கிவிட்டது. சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் இத்தாலிக்கார டாக்டர், மூன்று ராத்திரி பக்கத்திலேயே இருந்து மீதிக் கையைக் காப்பாற்றினார். இதைப் பிலோமியிடம் நீங்கள் சொல்லுங்கள். சொல் பார்த்து எழுதுவது உங்கள் தொழில்.

தனிஸ்லாஸ்


மதுரை
30 மே 1943

அன்புத் தங்கை பிலோமிக்கு அநேக ஆசீர்வாதம். உன் மதினியும் நானும் சுகம். என் ஏப்ரல் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை எகிப்துக்கு வந்து சேர்ந்ததாக எழுதிய கடிதம் உனக்கும் கிடைத்திருக்கும். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்றிருக்கிறது.

அவர் எனக்கும் எழுதியிருக்கிறார். பொதுவாக உடல்நிலை திருப்திகரம். முகாம் வாழ்க்கையின் விளைவாக ஒரு கையில் சிறு பாதிப்பு ஏற்பட்டு, தக்க சிகிச்சை அளிக்கப்பட்டு, பெரும்பகுதி குணமாகிவிட்டதாகத் தெரிகிறது. ஓரளவு குறை இருக்கக்கூடும் என்றாலும் அன்றாட அலுவல்களுக்கு இடையூறு இராது என்று நம்பப்படுகிறது. கவலைக்கு இடமில்லை.

மாம்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

லாசர்


வாடிப்பட்டி
2 ஜூன் 1943

அண்ணனுக்கு வணக்கம். மாம்பழம் கிடைத்தது. இரண்டு அழுகல், மீதி நன்றாக இருந்தது.

உங்கள் கடிதத்தை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘பாதிப்பு’, ‘பெரும்பகுதி’, ‘ஓரளவு குறை’, ‘நம்பப்படுகிறது’ ஆகிய நான்கையும் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். யார் நம்புகிறார்கள்? எந்தக் கை? என்ன இல்லை? எத்தனை? ராத்திரியெல்லாம் நான் முழங்கை வரைக்கும், தோள் வரைக்கும் வெட்டிப் பார்த்துவிட்டேன்.

பாரபட்சமில்லாத சொல் வேறு, ஒன்றும் சொல்லாத சொல் வேறு. பத்திரிகைக்காரருக்கு நானா சொல்ல வேண்டும்?

ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுதாதது, வாய்க்கால் கரையைச் சுற்றிப் போனதற்காக. மற்றதற்கு இல்லை.

பிலோமினாள்


(தபால் கார்டு)
மதுரை, 4 ஜூன் 1943

பிலோமி, வலது கை. சுண்டுவிரலும் அடுத்த விரலும் இல்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன, வேலை செய்கின்றன. சீழ் பட்டதால் எடுத்தார்கள். முழங்கை, தோள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. என்னைப் பெஞ்சு மேல் ஏற்று. லாசர்.


வாடிப்பட்டி
18 ஜூலை 1943

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும், நாங்கள் சுகம். ‘நாங்கள்’ என்று எழுதி ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

திண்டுக்கல் பாசஞ்சரில் வந்தார். பாதி ஆளாக இளைத்திருக்கிறார், மீசை மட்டும் முன்பை விடப் பெரிதாக இருக்கிறது. வலது கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இறங்கினார். நான் முதல் வேலையாக அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். நீங்கள் கார்டில் எழுதியது சரி. இரண்டுதான். அதைப் பற்றிக் கேட்கும்படி ஒன்றும் மிச்சமில்லை. மூன்று விரலால் அதிக நேரம் எழுத முடியவில்லை, இடது கையைப் பழக்குகிறேன் என்றார். என் இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டுக்குப் போகலாமா என்றேன். கச்சைகட்டிக்குப் போய்விட்டு வரலாம் என்றார். ராமக்காள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். அப்படியே நடந்தோம்.

ஒச்சம்மாள் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே கேட்டாள். அவர் சொன்னார். காளைக்கு உடம்பில் ஒரு காயமும் இல்லை. முகாமுக்கு வெளியே ஒரு சம்சாரி வீட்டில் வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெரிய வெள்ளை மாடுகள். அந்தச் சம்சாரி கத்தினால் நகராத மாடு, காளை நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தால் நகர்கிறதாம். வாசலில் அவன் சொன்னது இது: “அண்ணே, ஆத்தாட்டச் சொல்லுங்க, இப்ப என் கையில துப்பாக்கி இல்ல. மாடு ஓட்டுற தாத்துக்கம்புதான் இருக்கு. மத்ததெல்லாம் வந்து சொல்லுறேன்.”

ஒச்சம்மாள் சிரித்தாள் அண்ணே. அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மாட்டுக்குக் கொம்பு எப்படி, விரிகொம்பா கூடுகொம்பா, பல் எத்தனை என்று கேட்டாள். ஊசி போடுகிற ஆளிடம் மாட்டுப் பல்லைக் கேட்டால் என்ன சொல்வார்? சாப்பாடு போதுமா என்று கேட்டாள். போதாது, ஆனால் சம்சாரி வீட்டுப் பெண்கள் ஏதாவது கொடுப்பார்கள் என்று உள்ளதைச் சொன்னார். தலையை ஆட்டினாள். எப்போது வருவான் என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒச்சம்மாள் வேறொன்று கேட்டாள்.

“தம்பி, ஒங்களுக்கு மாத்தா இங்க இருந்து யாரையும் அனுப்புனாகளா?”

அவர், எதிர் வரிசையில் ஒரு இத்தாலிக்காரன் நின்றான், அவனும் கம்பவுண்டர்தான் என்றார்.

“அவன் வீடு போய்ச் சேந்துட்டானா?”

“சேந்துருப்பான் ஆத்தா.”

“நல்லது” என்றாள். “அவனப் பெத்தவளும் பாத்துக்கிட்டுத்தான இருந்துருப்பா.”

சொல்லிவிட்டு, எங்களுக்குச் சோறு எடுத்து வைக்க உள்ளே போனாள்.

எங்கள் இருவரின் அன்புடனும்
பிலோமினாள்